மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? மகளின் கேள்விக்கு விடை தேடுகிறேன்

வைகைக்கரைத் தாய் (ஏப்ரல் 26, இரவு 9:10)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் சென்ற வாரக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. என் மாமனார் வைத்த மரம், வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். விறகுக் கடைக்காரர் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார். எடைமேடையில் ஒன்றேகால் டன் என்று வந்தது. "இத்தனை மண்ணையும் தின்று வளர்ந்திருக்கிறது பாரேன்" என்றார் என் கணவர்.

என் மகள் உடனே கேட்டாள்: "அப்படியானால் மரத்தடியில் ஒன்றேகால் டன்னுக்குப் பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே அப்பா? தரை முன்னைவிட மேடாகத்தானே இருக்கிறது?"

எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. நான் வணிகவியல் படித்தவள். மகள் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வை இப்போதுதான் முடித்திருக்கிறாள். அறிவியலில் தொண்ணூறுக்குக் கீழே மதிப்பெண் வாங்கியதில்லை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவளிடமும் விடை இல்லை. படித்த பாடத்துக்கும் கொல்லையில் விழுந்து கிடந்த மரத்துக்கும் தொடர்பே இல்லாதது போல அவள் நின்றது எனக்கு வருத்தமாக இருந்தது. தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிப்பேன்.

நாலேக்கர் (ஏப்ரல் 26, இரவு 9:42)

சகோதரி, மண்ணிலிருந்துதான் வருகிறது, இதில் ஐயம் வேண்டாம். முப்பது ஆண்டுகளாக நெல்லும் வாழையும் வைக்கிறேன். சத்துள்ள மண்ணில் வாழை ஆளுயரம் தாண்டும், சத்தில்லாத மண்ணில் முழங்காலோடு நிற்கும். பள்ளம் விழாததற்குக் காரணம் உதிரும் இலையும் சருகும் மறுபடி மண்ணாகிவிடுவதுதான்.

செம்மண் (ஏப்ரல் 26, இரவு 10:05)

பாதிக்கு மேல் தண்ணீர். மீதி மண்ணின் தாது உப்புகள். இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

கரும்பலகை (ஏப்ரல் 27, காலை 6:30)

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். "பள்ளம் ஏன் விழவில்லை" என்று என்னிடம் ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை.

இதே கேள்வியை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தராசில் வைத்துப் பார்த்தார். பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட். உலையில் காயவைத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். தூசி விழாமல் துளையிட்ட தகட்டால் மூடினார். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து மரத்தைப் பிடுங்கி எடை போட்டபோது 169 பவுண்டும் சுமார் 3 அவுன்சும் இருந்தது. நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளை அவர் கணக்கில் சேர்க்கவும் இல்லை. பிறகு மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், நம் கணக்கில் அறுபது கிராமுக்கும் குறைவு.

நாலேக்கர் ஐயா, இலைச்சருகு மண்ணுக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் இந்தத் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. மரம் மண்ணைத் தின்று வளர்ந்திருந்தால் தொட்டி முக்கால்வாசி காலியாகியிருக்க வேண்டும்.

மரம் முழுக்க நீரால் ஆனது என்று வான் ஹெல்மாண்ட் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. என்னை இன்றும் நெகிழவைப்பது வேறொன்று. இதே மனிதர்தான் 62 பவுண்டு கரியை எரித்துப் பார்த்து, ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் போய்விடுகிறது என்று எழுதியவர். அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு 'காஸ்' என்று பெயரிட்டவரும் அவர்தான். நாம் இன்று சொல்லும் 'கேஸ்' அந்தச் சொல்தான். ஒரு கையில் வளரும் மரம், மறு கையில் காற்றாகிப் போகும் மரம். இரண்டையும் வைத்திருந்தும் ஒன்றை மற்றதோடு சேர்க்காமலே 1644-இல் இறந்துபோனார். 1648-இல்தான் இவற்றைச் சொல்லும் அவருடைய நூல் அச்சானது. அவ்வளவு பெரிய மனிதருக்கே இது பிடிபடவில்லை என்றால் பதினான்கு வயதுக் குழந்தை திகைப்பதில் வியப்பில்லை.

விடை இதுதான்: தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மரம் பெரும்பாலும் காற்றால் ஆனது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இலை உள்ளே இழுத்து, நீரிலிருந்து பிரிக்கும் ஹைட்ரஜனோடு கோத்துச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரையே செல்லுலோஸாகி, மரக்கட்டையாகி, ஒன்றேகால் டன்னாக நின்றது.

உங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்தால் மகளை அழைத்து ஒரு கட்டையை எரித்துக் காட்டுங்கள். கடைசியில் மிஞ்சும் ஒரு பிடி சாம்பல்தான் மரம் மண்ணிடம் வாங்கியது. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விட்டது.

நாலேக்கர் (ஏப்ரல் 27, காலை 7:15)

ஐயா, மதிப்போடு கேட்கிறேன். நீங்கள் சொல்வதுபோல் எல்லாம் காற்றிலிருந்து வந்தால் நான் எதற்கு மூட்டை மூட்டையாக யூரியாவும் பொட்டாஷும் வாங்குகிறேன்? தழைச்சத்து குறைந்தால் ஒரே வாரத்தில் நெல் மஞ்சளாகிறதே, அதைக் கண்ணால் பார்ப்பவன் நான்.

கரும்பலகை (ஏப்ரல் 27, காலை 8:02)

நீங்கள் பார்ப்பது முழு உண்மை ஐயா. காய்ந்த பயிரைப் பகுத்தால் கார்பன் நூற்றுக்கு 45 பங்கு, ஆக்ஸிஜன் 45 பங்கு, ஹைட்ரஜன் 6 பங்கு இருக்கும். நீங்கள் தழைச்சத்து என்னும் நைட்ரஜன் ஒன்றரைப் பங்கு. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அதைவிடவும் குறைவு. ஆனால் அந்த ஒன்றரைப் பங்கு இல்லாவிட்டால் புரதம் இல்லை, பச்சையம் இல்லை. பச்சையம் இல்லாவிட்டால் அந்த 45 பங்கு கார்பனை உள்ளே கொண்டுவர ஆள் இல்லை. கீல் இல்லாத கதவு நிற்காது. அதற்காக வீட்டின் எடை கீலின் எடை என்று யாரும் சொல்லமாட்டோம். நீங்கள் இடும் யூரியா அந்தக் கீல்.

'உரம் பயிருக்குச் சாப்பாடு' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் மனத்தில் அது பதிந்துவிடுகிறது. பயிர் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது. உரம் அந்தச் சமையலுக்கு வேண்டிய உப்பு, பாத்திரம் போன்றது.

எண்ணிப்பார் (ஏப்ரல் 27, பிற்பகல் 1:20)

நான் பொறியாளன், உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் நூற்றுக்கு 0.04 பங்குதான். இவ்வளவு அற்பமான அளவிலிருந்து ஒரு மரமா என்று எனக்கே நம்பிக்கை வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கன மீட்டர் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறக்குறைய முக்கால் கிராம். அதில் கார்பன் மட்டும் 0.2 கிராம். ஒரு கிலோ காய்ந்த கட்டையில் 450 கிராம் கார்பன் என்று கொண்டால் அதற்குச் சுமார் 2,200 கன மீட்டர் காற்று வேண்டும். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர் காற்று அடங்கும். ஆக, ஒரு கிலோ கட்டைக்கு இருபது வகுப்பறைக் காற்று.

உங்கள் வேம்பில் பாதி நீர் என்று வைத்துக்கொண்டால் காய்ந்த எடை அறுநூறு கிலோவுக்குச் சற்று மேல். பன்னிரண்டாயிரம் வகுப்பறைகளில் இருக்கும் காற்றிலுள்ள கார்பன் முழுவதையும் அது எடுத்திருக்கிறது. முதலில் மலைப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், மரத்தைச் சுற்றி யாரும் சுவர் எழுப்பவில்லை, காற்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் வகுப்பறை அளவு. அவ்வளவுதான்.

இன்னொன்றும் தோன்றியது. காற்றுக்கு எடை இல்லை என்று உள்ளூர நாம் எல்லாருமே நம்புகிறோம். அந்த வகுப்பறைக்குள் இருக்கும் காற்றின் எடை 125 கிலோவுக்கு மேல், இரண்டு பெரிய ஆட்களின் எடை. இது மனத்தில் பதியாதவரை, காற்று கட்டையாகும் என்று எந்தச் சமன்பாடு சொன்னாலும் பிள்ளை நம்பப் போவதில்லை. உயிரியலில் வரும் இந்தத் தடுமாற்றம் உண்மையில் ஏழாம் வகுப்பு இயற்பியலில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கரும்பலகை (ஏப்ரல் 27, மாலை 5:45)

எண்ணிப்பார் தம்பி, இந்தக் கணக்கை நான் பணியில் இருந்தபோது யாராவது போட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா! இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அற்பமான காற்றைப் பிடிக்க இலை தன் இலைத்துளைகளைத் திறந்துவைக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகி வெளியே ஓடும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படித்தான் போகிறது. நாலேக்கர் ஐயா வயலுக்குப் பாய்ச்சும் நீரில் பெரும்பகுதி கார்பனுக்காகப் பயிர் கொடுக்கும் விலை. தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடும், மூடினால் கார்பன் வராது, வளர்ச்சி நிற்கும். நீராவிப்போக்கு, ஒளிச்சேர்க்கை, வறட்சி மூன்றும் புத்தகத்தில் தனித்தனித் தலைப்புகள். இலைக்கு அவை ஒரே கதவு.

நாலேக்கர் (ஏப்ரல் 27, இரவு 8:30)

இப்போது விளங்குகிறது ஐயா. சித்திரை வெயிலில் தண்ணீர் தப்பிய வாழை காயாமல் இருந்தாலும் பத்து நாள் வளராமல் அப்படியே நிற்கும். ஏன் என்று இத்தனை நாள் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நிற்கிறது என்று இனிச் சொல்வேன்.

பருத்தித்துறைக் காற்று (ஏப்ரல் 27, இரவு 10:15)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சாதாரண தரம் என்னும் எங்கள் பள்ளிப் பொதுத்தேர்வு வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நீங்கள் ஒளிச்சேர்க்கை என்பதை நாங்கள் ஒளித்தொகுப்பு என்போம். செல் எங்களுக்குக் கலம், செல்லுக்குள் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இழைமணி, நீராவிப்போக்கு ஆவியுயிர்ப்பு, சவ்வூடு பரவல் பிரசாரணம்.

சொற்களை ஒப்பிடக் காரணம் உண்டு. 'தொகுப்பு' என்றால் ஏதோ பல பொருள்கள் சேர்த்துக் கட்டப்படுகின்றன என்று பிள்ளைக்குத் தோன்றும், என்னென்ன பொருள்கள் என்று கேட்கலாம். 'ஒளிச்சேர்க்கை' என்று படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் ஒளியே செடியில் சேர்ந்து உடம்பாகிறது என்று பொருள்கொள்வதை இணைய வகுப்பில் கண்டிருக்கிறேன். ஒளிக்கு அங்கே எடை சேர்க்கும் வேலை இல்லை. பொருளைக் கட்டுவதற்கான ஆற்றலைத்தான் அது தருகிறது. கட்டிய வீட்டில் கொத்தனாரின் உழைப்பு இருக்கிறது, கொத்தனார் சுவருக்குள் இல்லை.

அதேபோல 'சுவாசம்' என்ற சொல்லும் எங்கள் இரு நாட்டிலும் தொல்லை தருகிறது. மூச்சு இழுத்து விடுவதையும் சுவாசம் என்கிறோம், கலத்துக்குள் குளுக்கோஸ் உடைந்து ஆற்றல் வெளிப்படுவதையும் சுவாசம் என்கிறோம். 'தாவரம் சுவாசிக்கிறது' என்றதும் பிள்ளை மூக்கைத் தேடுகிறது. நான் வகுப்பில் ஒன்றை 'மூச்சு' என்றும் மற்றதைக் 'கலச்சுவாசம்' என்றும் மட்டுமே சொல்கிறேன், மாற்றிச் சொல்ல யாரையும் விடுவதில்லை. அதற்குப் பின் விடைத்தாள்களில் குழப்பம் வெகுவாகக் குறைந்தது.

புளியந்தோப்பு (ஏப்ரல் 28, காலை 9:00)

அப்படியானால் செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று படித்தோமே? அதனால்தானே இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள்? முனி அடிக்கும் என்பதற்கு அதுதான் அறிவியல் விளக்கம் என்று எங்கள் ஆசிரியரே சொல்லியிருக்கிறார். துளசியும் அரசும் கற்றாழையும் மட்டும் இரவிலும் ஆக்ஸிஜன் தரும் என்பார்கள்.

பருத்தித்துறைக் காற்று (ஏப்ரல் 28, காலை 11:20)

இதை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, தாவரம் பகலிலும் சுவாசிக்கிறது. இழைமணிகளுக்கு விடுமுறை இல்லை. நண்பகலில் ஒளித்தொகுப்பின் வேகம் சுவாசத்தின் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இலையிலிருந்து வெளியே வருவது ஆக்ஸிஜனாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வேரில் பச்சையமே இல்லை. அது இரவும் பகலும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய தோட்டத்தில் மிளகாய்ச் செடி வாடிச் சாவது அதனால்தான், வேர் மூச்சுத் திணறுகிறது.

இரண்டாவது, ஒரு மனிதர் ஒரு நாளில் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறத்தாழ ஒரு கிலோ. திறந்த வெளியில் மரம் இரவில் விடுவது காற்றோடு கலந்து கரைந்துவிடும். மரத்தடியில் மூச்சடைக்கும் என்றால் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்துறங்கும் நாம் யாருமே விடியும்போது எழுந்திருக்கமாட்டோம். பெரியவர்கள் தடுத்ததற்குக் கிளை முறிவது, பூச்சி, பாம்பு என்று வேறு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, இரவில் ஆக்ஸிஜன் தரும் மரம் என்று ஒன்று இல்லை. ஆக்ஸிஜன் வெளிவருவது நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போது. அதைப் பிளக்க ஒளி வேண்டும். ஒளி இல்லாத இடத்தில் துளசியும் தராது, அரசும் தராது.

கரும்பலகை (ஏப்ரல் 28, பிற்பகல் 3:10)

கற்றாழை பற்றி மட்டும் நான் தொடர்கிறேன், ஏனென்றால் அதில் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் வெயிலில் நீரை இழக்காமல் இருக்கப் பகலில் இலைத்துளையை மூடி, இரவில் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை வாங்கி அமிலமாகச் சேமித்துவைக்கின்றன. பகலில் வெளிச்சம் வந்ததும் அந்த அமிலத்திலிருந்து கார்பனை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. இரவில் கார்பன் டை ஆக்ஸைடை *எடுக்கின்றன* என்பது உண்மை. அதிலிருந்துதான் 'இரவில் ஆக்ஸிஜன் தருகிறது' என்ற தவறு பிறந்திருக்க வேண்டும்.

இதற்கான முதல் தடயங்களில் ஒன்று நம் நாட்டில் கிடைத்தது. சென்னை அரசில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், பிரையோஃபில்லம் இலையை மென்று பார்த்து, காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையற்றுப்போகிறது, மாலையில் சற்றே கசப்பு என்று இலண்டன் லின்னேயஸ் கழகத்துக்கு எழுதினார். 1815-இல் அச்சானது. பாடப்புத்தகத்தில் 'இலை மூலம் இனப்பெருக்கம்' என்று ஒரு வரியில் கடந்துபோகும் அதே பிரையோஃபில்லம்தான், நம் ஊர் ரணகள்ளி. மென்று பார்க்கச் சொல்லி மட்டும் பிள்ளைகளைத் தூண்டாதீர்கள், இதயத்தைப் பாதிக்கும் பொருள்கள் அந்த இலையில் உண்டு. காலையில் ஒரு இலை, மாலையில் ஒரு இலை பறித்து அரைத்து அமிலம் காட்டும் தாளில் தொட்டுப் பார்த்தால் போதும்.

வைகைக்கரைத் தாய் (ஏப்ரல் 28, இரவு 9:25)

எவ்வளவு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகள் இரண்டு முறை படித்துவிட்டாள். அவள் சார்பில் ஒரு கேள்வி: புத்தகத்தில் ஆறு கார்பன் டை ஆக்ஸைடோடு *பன்னிரண்டு* நீர் மூலக்கூறுகள் சேர்வதாகவும், முடிவில் ஆறு நீர் வெளிவருவதாகவும் போட்டிருக்கிறது. வேறோர் இடத்தில் இரு பக்கமும் கழித்து ஆறு நீர் என்று மட்டும் இருக்கிறது. கழித்துவிடலாமே, எதற்குப் பன்னிரண்டு என்று கேட்கிறாள்.

பருத்தித்துறைக் காற்று (ஏப்ரல் 28, இரவு 10:40)

மகளே, இந்தக் கேள்விக்காகவே உன்னை என் வகுப்பில் உட்காரவைக்க ஆசையாக இருக்கிறது.

வெளிவரும் ஆக்ஸிஜன் ஆறு மூலக்கூறு, அதாவது பன்னிரண்டு ஆக்ஸிஜன் அணு. இந்தப் பன்னிரண்டும் எங்கிருந்து வந்தன? நம்மில் பலர் கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து என்போம், பழங்கால அறிஞர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வான் நீல் என்பவர் கந்தகப் பாக்டீரியங்களைப் பார்த்து ஐயுற்றார். அவை நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்துகின்றன, ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தைக் கழிக்கின்றன. அங்கே கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து வருகிறது என்றால், இங்கே ஆக்ஸிஜன் நீரிலிருந்துதானே வர வேண்டும்? 1941-இல் ரூபன், கேமன் குழுவினர் சாதாரண ஆக்ஸிஜனைவிடக் கனமான ஆக்ஸிஜன் அணுவை நீரில் அடையாளமாக வைத்துப் பாசிக்குக் கொடுத்தார்கள். அந்த அடையாளம் வெளிவந்த வாயுவில் தெரிந்தது.

ஆகவே பன்னிரண்டு ஆக்ஸிஜன் அணுவும் நீரிலிருந்து. நீரில் மூலக்கூறுக்கு ஓர் ஆக்ஸிஜன்தான் இருக்கிறது. பன்னிரண்டு வேண்டுமானால் பன்னிரண்டு நீர் பிளக்கப்பட வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடில் வந்த பன்னிரண்டு ஆக்ஸிஜனில் ஆறு குளுக்கோஸுக்குள் போய்விடும், மற்ற ஆறு புதிதாக ஆறு நீராகும். கழித்துவிட்டால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் எந்த அணு எங்கே போனது என்ற கதை அழிந்துவிடும்.

இலக்கு2027 (ஏப்ரல் 29, காலை 7:50)

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வில் 'ஒளிச்சேர்க்கை வரையறு, சமன்பாடு எழுது' என்றுதான் வருகிறது. என் மகன் ஒரு பாடத்துக்கு ஒதுக்கக்கூடியது நாளைக்கு முக்கால் மணி நேரம். வான் ஹெல்மாண்ட் கதையில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், நேரத்துக்கு எங்கே போவது?

கரும்பலகை (ஏப்ரல் 29, காலை 9:30)

உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன் ஐயா. நாற்பத்தெட்டுப் பேர் உள்ள வகுப்பில் பாடத்தை முடிக்க ஓடியவன் நான், பல ஆண்டுகள் வரையறையை எழுதவைத்து அனுப்பியவனும் நான்தான். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

நேரக் கணக்கிலேயே சொல்கிறேன். புரியாத பிள்ளை ஒளிச்சேர்க்கையைத் தனியாக, சுவாசத்தைத் தனியாக, நீராவிப்போக்கைத் தனியாக, உணவுச் சங்கிலியைத் தனியாக, கார்பன் சுழற்சியைத் தனியாக மனப்பாடம் செய்கிறது. 'இந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது, எங்கே போனது' என்ற ஒரு கேள்வியைக் கையில் பிடித்த பிள்ளைக்கு இந்த ஐந்தும் ஒரே பாடம். மனித உடலுக்கும் இதே கேள்வி பொருந்தும். உடல் மெலிந்தவரின் கொழுப்பு எங்கே போனது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வியர்வை என்பார்கள், வெப்பமாகிவிட்டது என்பார்கள். 2014-இல் மீர்மன், பிரவுன் என்ற இருவர் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராகிறது. வேப்பமரம் காற்றிலிருந்து வந்ததும், நம் தொப்பை காற்றுக்குப் போவதும் ஒரே சமன்பாட்டின் இரு திசைகள்.

உங்கள் மகனிடம் நீங்கள் அந்த முக்கால் மணியில் ஐந்து நிமிடம் இதை மட்டும் கேளுங்கள்.

முளைப்பாரி (ஏப்ரல் 29, மாலை 6:05)

நான் படிப்பாளி இல்லை. அம்மன் கோவிலுக்கு ஆண்டுதோறும் முளைப்பாரி போடுபவள். இந்த இழையைப் படித்ததும் ஒன்று உறுத்துகிறது. முளைப்பாரியை வெயில் படாத இருட்டறையில்தான் வளர்க்கிறோம். வெளிச்சம் இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை என்றால் அது எப்படி அந்த உயரம் வளர்கிறது? ஒரு கைப்பயறு போட்ட மண்சட்டியைத் தூக்க முடியாத அளவு கனக்கிறதே?

பருத்தித்துறைக் காற்று (ஏப்ரல் 29, இரவு 8:20)

அம்மா, இந்த இழையிலேயே மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது. வெளிறிய மஞ்சளாக, மெலிந்து நீண்டு வளர்கிறது அல்லவா? விதைக்குள் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த மாவுப்பொருளையும் புரதத்தையும் கரைத்துக் கரைத்து, வெளிச்சம் எட்டும்வரை உயரப் பார்க்கிறது. கூடிய கனம் முழுவதும் நீர். நீரை எடுத்துவிட்டு நிறுத்தால், முளைப்பாரியின் எடை நீங்கள் போட்ட பயறைவிடக் *குறைவாகத்தான்* இருக்க வேண்டும். சுவாசத்தில் எரிந்த கார்பன் அறைக்குள் காற்றாகப் போயிருக்கும்.

வைகைக்கரைச் சகோதரி, இதை உங்கள் மகள் வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம். சம எடையில் இரண்டு பங்கு பச்சைப்பயறு போதும். ஒன்றை இருட்டில் முளைக்கவிடுங்கள், மற்றதை அப்படியே வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே வெயிலில், எடை இனி மாறாது என்னும்வரை காயவையுங்கள்.

வைகைக்கரைத் தாய் (மே 12, இரவு 9:00)

செய்துவிட்டோம்! 50 கிராம் பச்சைப்பயறு இரண்டு பங்கு. ஒன்றை ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணி விரித்த தட்டில் மச்சறையில் ஏழு நாள் வைத்தோம். எட்டாம் நாள் எடுத்தபோது 300 கிராமைத் தாண்டியிருந்தது. மகள், "பார்த்தாயா, வளர்ந்திருக்கிறது" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே மொட்டைமாடிக்குப் போனாள். நான்கு நாள் மதுரை வெயில். காய்ந்து சுருண்ட முளைகள் 37 கிராம். முளைக்காமல் காய்ந்த பயறு 45 கிராம். தராசைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பிறகு சமையலறையில் வந்து நின்று, "எட்டு கிராம் அம்மா, மச்சறைக் காற்றில் போய்விட்டது" என்றாள்.

கரும்பலகை (மே 12, இரவு 9:40)

மனம் நிறைந்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், உங்கள் மகளே கேட்டிருப்பாள் என்றாலும்: ஒரு இரவு ஊறிய தண்ணீரை என்ன செய்தீர்கள்? பயறு ஊறும்போது சர்க்கரையும் உப்பும் கொஞ்சம் நீரில் கரைந்து இறங்கும். அதைக் கொட்டியிருந்தால் எட்டு கிராமில் ஒரு பகுதி காற்றில் போகவில்லை, சாக்கடையில் போயிருக்கும்.

வைகைக்கரைத் தாய் (மே 13, காலை 7:05)

கொட்டிவிட்டோம் ஐயா. உங்கள் பதிலைக் காட்டியதும் மகள் சற்று நேரம் பேசவில்லை. இன்று காலை நான் எழுந்தபோது அடுக்களை மேடையில் மறுபடியும் 50 கிராம் பயறு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எடை போட்ட காலித் தட்டு ஒன்றும், 'இந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள்' என்று எழுதிய தாளும் இருந்தன. ஊறிய நீரை அந்தத் தட்டில் ஊற்றித் தனியாகக் காயவைக்கப் போகிறாளாம்.